இளவரசனுக்கு அறுபது நிமிடம்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, "எதைப் பத்திண்ணே?" என்று கேட்டேன். "சரித்திரம் ஏதாவது எழுதுப்பா" என்றார் அண்ணன். திருமலை நாயக்கர், ராணி மங்கம்மாள், பாண்டியர்கள் எல்லோரும் ஏற்கெனவே பல மலர்களில் வந்து போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்கு ஓரளவு உருப்படியாகத் தெரிந்த ராஜவம்சம் ஒன்றே ஒன்றுதான். அது 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்கிற பாரசீக இளவரசனுடையது.

சிரிக்க வேண்டாம். போன செமஸ்டரில் ஒரு வேலையாகக் கல்லூரிக்கு வந்திருந்தேன். கேன்டீனில் மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவன் பேச்சுவாக்கில், "அண்ணே, இந்த பிரின்ஸ் கேம் வரிசையா இத்தனை இருக்கே, எதுல இருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டான். டீ ஆறிப்போகும் வரை பதில் சொன்னேன். பாதிதான் முடிந்தது, அதற்குள் அவனுக்கு லேப் மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் இளவரசனைப் பார்த்தது 1999 கோடை விடுமுறையில், மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த என் சித்தப்பாவின் டி.டி.பி. சென்டரில். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடுமுறைக்கு மதுரை வருவதே எங்களுக்குப் பெரிய திருவிழா. சென்டரில் இரண்டு கம்ப்யூட்டர்கள். நல்லதில் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் டைப் ஆகும். மூலையில் கிடந்த பழைய 486-ல், சித்தப்பாவின் உதவியாளர் ஃப்ளாப்பியில் வாங்கி வந்து ஏற்றியிருந்த இளவரசன் இருந்தான். கறுப்பு வெள்ளை மானிட்டர். அந்த விளையாட்டில் சிவப்பு மருந்தைக் குடித்தால் உயிர் கூடும், நீல மருந்தைக் குடித்தால் குறையும். எங்கள் மானிட்டரில் இரண்டுமே சாம்பல். ஆகவே ஒவ்வொரு குப்பியையும் சாமியை வேண்டிக்கொண்டுதான் குடித்தோம்.

கதை எளிமையானது. சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். மந்திரி ஜாஃபர் ஆட்சியைப் பிடித்துக்கொண்டு இளவரசியை மிரட்டுகிறான்: ஒரு மணி நேரத்துக்குள் என்னை மணக்கிறாயா, சாகிறாயா? அவள் காதலன் பாதாளச் சிறையில் கிடக்கிறான். நமக்கு இருப்பது 60 நிமிடம். அது நிஜ அறுபது நிமிடம், சுவர்க் கடிகாரத்தில் ஓடுகிற அதே நிமிடம். செத்தால் அந்தக் கட்டத்தின் ஆரம்பத்துக்குப் போகலாம், ஆனால் போன நேரம் போனதுதான். சித்தப்பாவிடம் வாடிக்கையாளர் வந்து எழுப்பிவிட்டால் அதுவும் போச்சு. 'குலேபகாவலி'யும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' பார்த்து வளர்ந்த ஊரில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எம்.ஜி.ஆர். எங்கே, நம்பியார் எங்கே என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

இதை உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர் என்ற நியூயார்க் இளைஞர். 1964-ல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே 'கராத்தேகா' என்ற விளையாட்டை எழுதி, 1984-ல் பிராடர்பண்ட் கம்பெனி மூலம் வெளியிட்டுவிட்டார். 1985-ல் படிப்பை முடித்துவிட்டு இளவரசனை ஆரம்பித்தார். முடித்தது 1989-ல். கணக்குப் பாருங்கள், நாம் பி.இ. படித்த அதே நான்கு வருடம்! நடுவில் சினிமாவுக்குக் கதை எழுதப் போகலாமா, இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று அவர் ஊசலாடியதெல்லாம் அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. அது புத்தகமாகவும் வந்திருக்கிறது. இரண்டாம் ஆண்டில் 'நமக்கு இந்த பிராஞ்ச் சரிப்படாது' என்று புலம்பும் தம்பிகள் அதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அந்த இளவரசன் ஓடுகிற அழகை இன்றைக்குப் பார்த்தாலும் மனித உடம்பு ஓடுவது போலவே இருக்கும். காரணம், அது மனித உடம்புதான். மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி, ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவும் தாவவும் தொங்கவும் விட்டு வீடியோ எடுத்தார். பிறகு டி.வி.யில் அதை ஓட்டி, ஒவ்வொரு நிலையையும் போட்டோ எடுத்து, மையால் உருவத்தைத் தனியே பிரித்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். கத்திச் சண்டைக்கு ஆள் கிடைக்கவில்லை. 1938-ல் வந்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' படத்தில் எரால் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் மோதும் காட்சியில், இருவரும் பக்கவாட்டில் முழுதாகத் தெரியும் சில விநாடிகள் வருகின்றன. அதைப் பிடித்துக்கொண்டார். இசை அமைத்தது அவர் அப்பா. மொத்தத்தில் நம்ம ஊர் குடும்பத் தொழில் மாதிரிதான்.

எழுதியது ஆப்பிள் டூ என்ற கம்ப்யூட்டருக்காக, 6502 அசெம்பிளி மொழியில். நினைவகம் 128 கே. (இன்று வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு 'காலை வணக்கம்' படம்கூட இதற்குள் அடங்காது.) இளவரசனின் படங்களே அதை அடைத்துக்கொண்டன. எதிரி என்று இன்னொரு ஆளை வரைய இடமில்லை. உடன் இருந்த டோமி பியர்ஸ் என்ற பெண்மணியோ, சண்டை இல்லாமல் இந்த விளையாட்டு சப்பென்று இருக்கிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போது மெக்னருக்கு ஒரு வழி தோன்றியது. இளவரசனின் படத்தையே ஒரு பிட் நகர்த்தி, அதே படத்தோடு எக்ஸ்-ஆர் செய்தால் பளபளக்கும் நிழலுருவம் ஒன்று கிடைக்கிறது. புதிய படம் எதுவும் தேவையில்லை. டிஜிட்டல் லேபில் 7486 ஐசி-யை வைத்துக்கொண்டு, இதனால் என்ன பிரயோஜனம் என்று நாம் கொட்டாவி விட்டோமே, அதே எக்ஸ்-ஆர்தான்! நிழல் மனிதன் பிறந்தது அப்படித்தான். அவன் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த பிறகு, இடத்தை எப்படியோ மிச்சம் பிடித்துக் காவலர்களையும் கொண்டுவந்தார்கள். 1989-ல் வெளியானபோது ஆப்பிள் டூவின் காலமே முடியும் தறுவாயில் இருந்ததால் விற்பனை மந்தம். மற்ற கம்ப்யூட்டர்களுக்கு மாற்றி எழுதப்பட்ட பிறகுதான் உலகம் முழுக்க ஓடியது. நம் ஊருக்கு வந்தது டாஸ் பிரதி.

இப்போது அந்தத் தம்பிக்குப் பதில். ஆரம்பிக்க வேண்டியது இந்த முதல் விளையாட்டில்தான். பழசு என்று ஒதுக்காதே. முதல் பத்து நிமிடம் எரிச்சலாகத்தான் இருக்கும். சாவியை அழுத்தியதும் இவன் பாயமாட்டான். நிஜ உடம்பு மாதிரி ஓர் அடி எடுத்து வைத்துத்தான் வேகம் பிடிப்பான், நிற்கவும் ஓர் அடி எடுத்துக்கொள்வான். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் சாவது இந்த ஓர் அடியில்தான். ஷிஃப்ட் சாவியை அழுத்திக்கொண்டு நடந்தால் பூனை மாதிரி நடப்பான், பள்ளத்தின் விளிம்பில் நிற்பான், தரையிலிருந்து கிளம்பும் ஈட்டிகளுக்கு நடுவிலும் காயமில்லாமல் போய்விடுவான். எங்கள் சென்டரில் ஷிஃப்டின் மகிமை தெரியவே ஒரு வாரம் ஆயிற்று. முதல் கட்டத்தில் உன்னிடம் கத்தி இருக்காது. அதைத் தேடி எடுக்காமல் காவலன் முன்னால் போய் நின்றால் ஒரே வெட்டு. மூன்றாம் கட்டத்தில் எழுந்து வரும் எலும்புக்கூட்டை எத்தனை குத்தினாலும் சாகாது, பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பள்ளத்தில் விழவைக்க வேண்டும். மூன்றாம் கட்டத்திலிருந்து கன்ட்ரோலும் ஜி-யும் அழுத்தினால் சேவ் ஆகும். இதைக் கட்டாயம் ஞாபகம் வைத்துக்கொள். 2008-க்குப் பிறகு கரண்ட் போன கதையெல்லாம் உங்கள் சீனியர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஐம்பதாவது நிமிடத்தில் ஃபேன் நிற்கும்போது விடுதி முழுக்க ஒரு 'ஊ' சத்தம் எழும், அதில் என் குரலும் உண்டு.

குறுக்கு வழியும் உண்டு. விளையாட்டைத் திறக்கும்போது 'பிரின்ஸ்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு 'மெகாஹிட்' என்று அடித்தால், ஷிஃப்டும் எல்-லும் கட்டத்தைத் தாண்டவைக்கும், ஷிஃப்டும் டி-யும் உயிரைக் கூட்டும். பழைய பிரதிகளில் இது வேலை செய்யும். செய்யாதே என்று சொல்லமாட்டேன், நாங்கள் செய்யாததா? ஆனால் நாலாம் கட்டத்துக்கு முன்னால் வேண்டாம். அங்கேதான் கண்ணாடி இருக்கிறது.

அந்தக் கண்ணாடி வழியை மறித்து நிற்கும். ஓடி வந்து அதற்குள்ளேயே தாவ வேண்டும். தாவினால் நம் நிழல் மறுபக்கமாகத் தனியே பிரிந்து ஓடிவிடும். அடுத்த கட்டத்தில் நமக்கு முன்னால் போய் மருந்தைக் குடித்துவிடும். அதற்கடுத்த கட்டத்தில் கதவை மூடி நம்மைக் கீழே தள்ளிவிடும். பிறகு ரொம்ப நேரம் ஆளையே காணோம். கடைசியில், பன்னிரண்டாம் கட்டத்தில், கத்தியோடு எதிரே வந்து நிற்கும்.

இந்த இடத்தில் 2005-க்கு வரவேண்டும். நான் முதலாம் ஆண்டு. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன். வகுப்பில் பாதி நேரம் என்ன நடக்கிறது என்றே புரியாது. எனக்காவது பரவாயில்லை. என் அறைத் தோழன் உசிலம்பட்டி பக்கம், அவன் வீட்டில் முதல் பட்டதாரி ஆக வந்தவன். இங்கே வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. முதல் இன்டர்னல் மார்க் வந்த அன்று ராத்திரி டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டான். "டி.சி. வாங்கிட்டு ஊருக்குப் போறேன்டா, அண்ணன்கூட லோடு வண்டி ஓட்டிக்கிறேன்" என்றான். சத்தம் போட்டுப் பேசுகிறவனாக இருந்தால் சமாதானம் செய்யலாம். இவன் அதிகம் பேசமாட்டான், முடிவாகத்தான் சொல்லுவான்.

அதே வாரம், கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரு சீனியர் அண்ணன் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். ராகிங் என்றெல்லாம் பயந்துகொண்டு போனால், "டேய், பிரின்ஸ் ஆடத் தெரியுமாமே, ஆடு" என்றார்கள். மெகாஹிட் இல்லாமல் ஆடினேன். பத்துப் பேர் கட்டிலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சித்தப்பா சென்டரில் நான் ஏழாம் கட்டத்தைத் தாண்டியதில்லை. அன்றைக்கு என்ன வேகமோ, பன்னிரண்டுக்கு வந்துவிட்டேன். நிழல் எதிரே நின்றது. நான் குத்தினால் அதற்கு ஒரு முக்கோணம் குறைகிறது, எனக்கும் ஒன்று குறைகிறது. மூன்று முறை செத்தேன். ஆளுக்கொரு யோசனை. வேகமாகக் குத்து, ஓடிப்போய்க் குத்து, தள்ளி விழவை என்று. இன்றைக்கு மாதிரி போனில் தேடிப் பார்க்கிற வசதி எங்கள் யாரிடமும் இல்லை. விளையாட்டோடு வரும் கையேட்டை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. (திருட்டுப் பிரதிக்குக் கையேடு ஏது?)

கதவோரம் நின்றுகொண்டிருந்த என் அறைத் தோழன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "டேய், அவன அடிச்சா நமக்குத்தான வலிக்குது. அது நீதான்டா. கத்திய உள்ள வையி."

கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். இளவரசன் கத்தியை உறையில் போட்டான். நிழலும் போட்டது. நேரே ஓடினேன், இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்னொரு வேடிக்கை. எதிரே பெரிய பள்ளம், பாலமே கிடையாது. "ஓடுடா" என்றான். ஓடினால் காலடி வைக்க வைக்கத் தரை தானாக முளைக்கிறது! அறையில் எழுந்த சத்தத்தில் வார்டன் வந்துவிட்டார். ஜாஃபரிடம் அன்று தோற்றேன், மறுநாள்தான் முடித்தேன். அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

அவன் ஊருக்குப் போகாததற்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுதான் காரணம் என்று நான் கதை கட்டமாட்டேன். அவன் அண்ணன் மறுவாரம் நேரில் வந்து பேசினார். ஓர் ஆசிரியர் மாலையில் உட்காரவைத்துத் தமிழில் பாடம் சொன்னார். ஆனால் அன்று முதல் அந்த சீனியர் அறையில் அவனுக்கு நாற்காலி உண்டு. அவன் கை முதலில் பழகிய கீபோர்டு அதுதான். அந்த விளையாட்டில் படிக்க வேண்டிய ஆங்கிலம் ஐந்தாறு வரிக்கு மேல் இல்லை, பேச்சே இல்லை. கான்வென்ட்டில் படித்தவனுக்கும் எங்களுக்கும் அந்தத் திரையின் முன்னால் ஒரே மார்க்தான். நிழல் என்றே அவனுக்குப் பட்டப்பெயர் ஆயிற்று. நிஜப் பெயரை எழுதமாட்டேன். இந்த மலரை நீங்கள் புரட்டும்போது பக்கத்து நாற்காலியிலேயே இருந்தாலும் இருப்பான்.

நிற்க. மற்ற பாகங்களுக்கு வருகிறேன். 1993-ல் வந்த இரண்டாம் பாகம் அழகு, ஆனால் இதில் 75 நிமிடம் கொடுத்தும் முதல் பாகத்தைவிடக் கொடுமை. முதலாவதை முடித்தவர்கள் மட்டும் தொடலாம். 1999-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா 3டி'யைத் தாராளமாக விட்டுவிடலாம்.

இரண்டாவதாக ஆட வேண்டியது 2003-ல் யூபிசாஃப்ட் மாண்ட்ரியல் செய்த 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்'. மெக்னரே கதை எழுத வந்துவிட்டார். இந்தக் கதை ஆரம்பிப்பது எங்கே தெரியுமா? இந்தியாவில்! பாரசீகப் படை ஒரு மகாராஜாவின் அரண்மனையைச் சூறையாடுகிறது. அங்கிருந்து இளவரசன் எடுத்துக்கொள்ளும் குறுவாளுக்குக் காலத்தைப் பின்னுக்குத் திருப்பும் சக்தி உண்டு. எந்த ஊர் மகாராஜா என்று கடைசி வரை சொல்லவில்லை, எனக்கு அது ஒரு மனக்குறை. அவர் மகள் ஃபாரா வில்லோடு கூட வருகிறாள், இளவரசனை நம்பாமலேயே வருகிறாள். ஊரைக் கொள்ளையடித்தவனை எப்படி நம்புவாள்? இருவரும் சண்டை போட்டுக்கொண்டே நடக்கும் பேச்சுக்காகவே இதை ஆடலாம். மொத்தத்தையும் இளவரசன் நமக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். நாம் செத்துப்போனால், இல்லையில்லை, இப்படி நடக்கவில்லை என்று திருத்திக்கொள்கிறான். தூக்கக் கலக்கத்தில் கதையை மாற்றிச் சொல்லிவிட்டுத் திருத்துகிற எங்கள் அப்பத்தா ஞாபகம்தான் வரும். சுவரில் ஓடுவது, தூணுக்குத் தூண் தாவுவது எல்லாம் இதில்தான் வந்தது. அந்தக் காலத்தில் மகாலுக்குள் போனால் எனக்குத் தூண்களின் அழகு தெரியாது, எந்தத் தூணிலிருந்து எதற்குத் தாவலாம் என்றுதான் கண் போகும். சண்டைகள் மட்டும் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்.

2004-ல் வந்த 'வாரியர் விதின்' ஒரே இருட்டும் கூச்சலும். விடுதியில் அதற்குத்தான் ரசிகர்கள் அதிகம், நான் அந்தக் கட்சி இல்லை. 2005-ல் வந்த 'தி டூ த்ரோன்ஸ்' பாபிலோனில் நடக்கிறது. இளவரசனுக்குள்ளேயே ஓர் இருண்ட இளவரசன் பேசிக்கொண்டிருப்பான். நிழல் மறுபடி வந்துவிட்டது! முதல் பாகம் ஆடியவர்களுக்கு அது வேறு மாதிரி இனிக்கும். இதே வரிசைக்கென்று ஆரம்பித்த ஒரு கிளைக்கதை தனி மரமாக வளர்ந்து 2007-ல் 'அசாசின்ஸ் கிரீட்' ஆனது. 2008-ல் வந்தது சம்பந்தமில்லாத தனிக்கதை. அதில் எங்கே விழுந்தாலும் எலிகா என்ற பெண் கைகொடுத்துத் தூக்கிவிடுவாள். சாவே இல்லாத பிரின்ஸ் எனக்கு ஒட்டவில்லை, ஆனால் பயந்து பயந்து ஆடுகிறவர்களுக்கு நல்ல வாசல். 2010-ல் ஹாலிவுட் படமும் வந்தது. டி.வி.யில் போட்டால் பாருங்கள்.

2020 செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' விளையாட்டைப் புதிதாக மறுபடி செய்கிறார்கள், செய்வது யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டூடியோக்கள் என்று. எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் அன்று தீபாவளிதான். இந்தியாவில் ஆரம்பிக்கிற கதை இந்தியர் கைக்கே வருகிறதே! முன்னோட்டம் வந்ததும் படம் சரியில்லை என்று உலகமே திட்டியது. வெளியீடு தள்ளிப்போனது. 2022 மே மாதத்தில் வேலை மாண்ட்ரியலுக்கே திரும்பிப் போய்விட்டது. உள்ளே என்ன நடந்தது என்று பேச எனக்கு உரிமை இல்லை. நானும் ஒரு பிராஜெக்ட் கையைவிட்டுப் போவதைப் பார்த்தவன், அதில் வேலை செய்த பிள்ளைகளின் அன்றைய சாயங்காலம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். தம்பிக்குச் சொல்வது: அந்த ரீமேக்கை நம்பிக் காத்திருக்காதே, 2003 பிரதியையே ஆடு.

மூன்றாவதாக 2024 ஜனவரியில் வந்த 'தி லாஸ்ட் கிரவுன்'. இதில் நாயகன் இளவரசன் இல்லை. கடத்தப்பட்ட இளவரசனைத் தேடி காஃப் மலைக்குப் போகும் சார்கான் என்ற வீரன். பழையபடி பக்கவாட்டு ஓட்டம்தான், ஆனால் பரந்த உலகம். பாரசீக மொழியிலேயே பேச்சை வைத்துக் கேட்கலாம், அப்படித்தான் கேட்க வேண்டும். போக முடியாத இடம் வந்தால் அந்தக் காட்சியைப் படம் பிடித்து வரைபடத்தில் குத்தி வைக்கும் வசதி இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே அதைப் பயன்படுத்து. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போனாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக ஒரு செய்தி. முதல் விளையாட்டின் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றுதான் மெக்னரே பல வருடம் நினைத்திருந்தார். 2012-ல் அவர் அப்பா, இசை அமைத்தாரே அவரேதான், வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அனுப்பினார். உள்ளே பழைய டிஸ்க்குகள். இருபது வருடத்துக்கு மேலாகியும் உயிர் இருந்தது. விவரம் தெரிந்த இருவர் வந்து உட்கார்ந்து அதைப் படித்து எடுத்தார்கள். மெக்னர் அதை அப்படியே கிட்ஹப்பில் போட்டுவிட்டார். இ.சி.இ., சி.எஸ். தம்பி தங்கைகள் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், எக்ஸ்-ஆர் வரி உட்பட. நம் 2009 பேட்ச் இறுதியாண்டு பிராஜெக்ட் சி.டி. என்னிடம் இல்லை. யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ரீயூனியன் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்போடு மெக்கானிக்கல் பிளாக் வராண்டாவில் இருப்பேன். முதல் விளையாட்டு, அறுபது நிமிடம், மெகாஹிட் கிடையாது. நிழலும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.